நீர்நாயின் கீழே ஏழாவது கோடு

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்பது வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். உறையோடு அடுப்பில் போடாமல் பிரித்திருந்தால் அதுவே எனக்குப் பெரிது. நலமா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்பாய். ஆகவே கேட்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

புதுக் கப்பல் ஒன்று தயாராகிவிட்டது. பெயர் 'நீர்நாய்'. ஆமாம், அதே பெயர்தான். ஒரு கப்பல் போனால் அதன் பெயரை அடுத்த கப்பலுக்கு வைப்பது எங்கள் கடற்படை வழக்கம். பெயரோடு பழைய கப்பலின் சின்னமும் வந்து சேரும். பழைய கப்பலுக்கு நேர்ந்ததைக் குறிக்க அதில் ஒரே ஒரு புது அடையாளம் சேர்க்கலாம். அதை வரைகிற வேலை என் மேஜைக்கு வந்திருக்கிறது.

சின்னம் உனக்கு ஞாபகம் இருக்கும். சுற்றிலும் கயிறு, ஆட்கள் எல்லாரும் ஒரே கயிறாகத் திரிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். நடுவில் நீர்நாய், கரையிலும் தண்ணீரிலும் ஒன்றுபோலப் பிழைக்கிற பிராணி. அதன் வாயில் சாவி, துறைமுகத்தின் காவல். பின்னால் நீலம். இப்போது நீர்நாயின் கீழே ஆறு வெள்ளை அலைக்கோடுகள் போடச் சொல்லி, சின்னங்களை முடிவு செய்கிற கமிட்டியின் உத்தரவு. எஞ்சின் அறைத் தீயில் போன ஆறு பேருக்காக.

நான் ஏழு போட்டிருக்கிறேன். ஏழாவது கோடு கருநீலம். நீலத்தின் மேல் கருநீலம் என்பதால் மூக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கமிட்டியில் யாரும் கவனிக்கவில்லை. அது யாருக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். மச்சானுக்கு என்னால் முடிந்தது இதுதான். மாதிரிப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு என் அன்பு.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

அடுப்பில் போடவில்லை. இரண்டு தடவை படித்தேன். பிறகு படத்தைப் பாப்பாவிடம் கொடுத்தேன். பாப்பா என்று எழுதியிருக்கிறாய், அவளுக்குப் பதினாறு வயது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து எண்ணிவிட்டு, "ஆறுதான்மா இருக்கு, மாமா கணக்குல வீக்கா?" என்றாள்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். தினம் முப்பது நாற்பது பேரை நாற்காலியில் உட்கார வைத்து எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்கிறேன். தெரியாத எழுத்தை யாரும் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிற மரியாதை யாருக்கு, அண்ணா? செத்தவருக்கா, உன் தூக்கத்துக்கா?

என் புருஷன் கோடு இல்லை. அவருக்குப் பெயர் இருக்கிறது. புதுக் கப்பலில் பித்தளைத் தகடு ஒன்று மாட்டப் போகிறார்களாம், பழைய கப்பலில் உயிர்விட்டவர்களின் பெயரோடு. அதிலும் ஆறு பெயர்தான். ஏழாவது ஆள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் புகையாக இருமிச் செத்தார். ஆனால் அவர் உத்தரவு இல்லாமல் எஞ்சின் அறைக் கதவை அடைத்தவர், ஆறு பேர் சாவுக்குக் காரணமானவர். விசாரணை அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது.

அந்த மூன்று நாளும் அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "போன்ல சொன்னாங்க. அடைச்சேன்." போனில் உத்தரவு கொடுக்கிற அந்த அறையில் நீ இருந்தாய். விசாரணையில் உன்னைக் கேட்டார்கள். "ஞாபகம் இல்லை" என்றாய். அடுத்த மாதமே உன்னைக் கரைக்கு மாற்றினார்கள். மேஜை, நாற்காலி, ஜன்னல் ஓரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் இப்போது எனக்கு அதிலிருந்து ஒரு விதையை எடுத்து அனுப்புகிறான்.

எனக்கு அவர் பெயர் அந்தத் தகட்டில் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே நிலைமை என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னங்களுக்கான கமிட்டிக்கு இப்போது தலைவர் யார் தெரியுமா? எங்கள் பழைய கமாண்டர்தான். தீ பிடித்த அன்று கப்பலில் உத்தரவு கொடுக்கிற அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். நேற்று என் மேஜைக்கே வந்துவிட்டார். நான் நீர்நாயின் உடம்பை முன்பக்கம் பார்க்கவும், தலையைப் பின்னால் திருப்பிப் பார்க்கவும் வரைந்திருந்தேன். சின்னங்களின் பாஷையில் அது தப்பே இல்லை. போனதை மறக்காத பிராணி என்று அர்த்தம். முழு உடம்பும் பின்பக்கம் திரும்பினால்தான் பயந்து ஓடுகிறது என்று அர்த்தம். அதனால்தான் கப்பலின் இரண்டு பக்கமும் சின்னம் மாட்டும்போது ஒன்றை இடவலம் மாற்றி வார்த்து, இரண்டு பிராணியும் கப்பலின் முன்முனையைப் பார்க்கும்படி வைப்போம்.

இதை நான் விளக்க வாயெடுத்தேன். அவர் தோளில் கை வைத்து, "என்னய்யா, திரும்பித் திரும்பிப் பாக்குது? தலைய நேரா வை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நேராக வைத்துவிட்டேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். உன் அண்ணிக்கு முழங்கால் போய்விட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் சத்தியம் செய்து சொன்னதை இன்று எப்படி மாற்றுவது? மாற்றினால் அன்று சொன்னது பொய் என்று ஆகும். பொய்ச் சத்தியத்துக்கு என்ன தண்டனை என்று உனக்குத் தெரியுமா? நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வரவில்லை. ஞாபகம் இல்லை என்றால் இல்லைதானே.

கோடு இருக்கிறது. அதையாவது விட்டுவை.

அண்ணன்


மார்ச் 21

அண்ணா,

தலையைத் திருப்பச் சொன்னால் திருப்புகிறாய். நீர்நாய்க்காவது முதுகெலும்பு இருந்திருக்கும்.

திட்டுவதற்கு எழுதவில்லை. திட்டித் திட்டி எனக்கும் வாய் வலிக்கிறது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடற்படை அலுவலகத்துக்குப் போனேன். நாலு மாடி, மூன்று வரிசை, இரண்டு ஃபாரம். கடைசியில் ஒரு குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான். "புது சாட்சி இருந்தா மனு குடுங்கம்மா. இல்லேன்னா எழுதினது எழுதினதுதான்" என்றான். தகடு எப்போது செதுக்குவார்கள் என்று கேட்டேன். ஏப்ரல் பத்து. இருபதாம் தேதி கப்பலைச் சேவையில் சேர்க்கிறார்களாம்.

பாப்பா நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. புதுக் கப்பலைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை எவளோ வகுப்பில் படித்துவிட்டு, "ஆறு பேரை உள்ள வெச்சுப் பூட்டினது உங்கப்பாதானே?" என்று கேட்டிருக்கிறாள். இவள் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். நேற்று மட்டும் பேசினாள். "அம்மா, நிஜமாவே அப்பா பயந்துதான் அடைச்சாரா? எங்கிட்ட மட்டும் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள், அண்ணா. எனக்கு வேறு யாரிடம் போய் நிற்க முடியும்?

கதவை அடைத்தது சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லை. அடைக்காவிட்டால் தீ வெடிமருந்து அறைக்குப் போயிருக்கும், நீ உட்பட நூற்று முப்பது பேரும் போயிருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும். அடைக்கச் சொன்னது யார் என்றுதான் கேட்கிறேன்.

கப்பலில் பெயின்டராகச் சேர்ந்த புதிதிலேயே சின்னம் வரைகிற விதியைச் சொல்லி என் உயிரை எடுப்பாய். வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்காதே, வெள்ளையோ மஞ்சளோதான் வை, ஏனென்றால் தூரத்தில் வருகிறவன் கண்டுகொள்ள வேண்டும், அதற்குத்தான் சின்னம் என்பாய். நீலத்தின் மேல் கருநீலம் வைத்திருக்கிறாயே. உன் தொழிலுக்கே அது துரோகம் இல்லையா?

ரோஷம் எல்லாம் போய்விட்டது. உன் காலில் விழுகிறேன். பத்தாம் தேதிக்கு முன் சொல்லிவிடு.


மார்ச் 27

தங்கைக்கு,

பாப்பாவைப் பற்றிப் படித்ததிலிருந்து பிரஷ் பிடிக்கக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட மறந்ததில்லை.

கப்பலில் நான் பெயின்டர்தான். ஆனால் ஆபத்து மணி அடித்தால் எல்லாருக்கும் ஓர் இடம் உண்டு. என் இடம் கமாண்டர் பக்கத்தில். எந்த உத்தரவு எத்தனை மணிக்குப் போனது என்று கரும்பலகையில் சாக்கட்டியால் எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். பத்து நாற்பத்திரண்டுக்குக் கமாண்டர் "எஞ்சின் ரூம் கதவை அடை" என்று உத்தரவு போட்டார். போனில் அது கீழே போனது. பலகையில் நானே எழுதினேன்.

தீ அணைந்த பிறகு, உள்ளே ஆறு பேர் இருந்தது தெரிந்ததும், அவர் என்னைப் பார்த்தார். "பலகை அழுக்கா இருக்கே" என்றார். அவ்வளவுதான். நான் துடைத்தேன். ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன், எழுத்தின் தடம்கூட இருக்கக் கூடாது என்று. விசாரணைக்கு முந்தின நாள், சின்னம் வரைகிற பிரிவில் ஓர் இடம் காலி இருக்கிறது, உன் திறமைக்குக் கப்பலில் என்ன வேலை என்றார். சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்ட நாற்காலி அது. மச்சான் செத்துவிட்டார், உண்மை சொல்லி என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் பாப்பாவும் உயிரோடு இருப்பது அப்போது என் கணக்கில் வரவே இல்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.


மார்ச் 31

இதை எனக்கு எதற்கு எழுதினாய்? எனக்குத் தெரியாததா? ஒன்பது வருஷமாகத் தெரியும். அழுது ஆறுதல் தேட இங்கே வராதே, இங்கே ஆறுதல் ஸ்டாக் இல்லை.

எழுத வேண்டிய விலாசம் வேறு. இன்னும் பத்து நாள் இருக்கிறது.


ஏப்ரல் 9

தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். தினமும் காலையில் இன்று சொல்லிவிடுவேன் என்பேன்; மாலையில் நாளை என்பேன். திங்கட்கிழமை ஏழாவது கோட்டை வெள்ளையாக்கினேன். அதற்கே மூன்று மணி நேரம் ஆனது.

சின்னத்தோடு ஒரு பொருள் விளக்கத் தாள் வைக்க வேண்டும். அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எழுதி, 'இது உண்மை' என்று வரைந்தவன் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கமிட்டியில் சத்தமாகப் படிப்பார்கள், பதிவேட்டில் ஒட்டுவார்கள். ஒட்டியதைக் கிழிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. நேற்று கமிட்டி கூடியது. கமாண்டரே எடுத்துப் படித்தார். கயிறு, நீர்நாய், சாவி, ஆறு கோடு. நல்ல குரல் அவருக்கு. பிறகு ஏழாவதுக்கு வந்தார். நான் எழுதியிருந்தது இது:

'ஏழாவது கோடு எஞ்சின் அறைக் கதவை அடைத்தவருக்கு. உத்தரவு வந்த பிறகுதான் அவர் அடைத்தார். கமாண்டர் அந்த உத்தரவைப் போட்டதை நான் என் காதால் கேட்டேன், பலகையில் எழுதினேன், பிறகு துடைத்தேன்.'

'உத்தரவு வந்த' வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திவிட்டார். தாளை மடிக்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பதிவாளரம்மா கையை நீட்டி, "மீதிய நான் படிக்கிறேன் சார்" என்று வாங்கி, கடைசி வரை படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இன்று என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். சின்னத்தையும் நிறுத்திவிட்டார்கள். மறுவிசாரணை உண்டு என்கிறார்கள், தேதி ஜூனில். ஆனால் தகடு நாளை செதுக்கத்தான் போகிறார்கள். அதில் ஆறு பெயர்தான் இருக்கும். நான் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்களாம். பதிவாளரம்மா சொன்னார். அந்த ஒரு வாரத்தை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

தீர்ப்பின் நகல் வந்துவிட்டது. உத்தரவு வந்தது உண்மை என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாவது பெயரைச் சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். கப்பல் ஆகஸ்டில் திரும்பி வந்ததும் தகட்டைக் கழற்றிச் செதுக்குவார்களாம். உன் வெள்ளைக் கோடும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கமாண்டர்மேல் தனி வழக்கு. பொய்ச் சத்தியத்துக்காக உனக்கு எட்டு மாதம்.

பாப்பா நகலை மூன்று பிரதி எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். எதற்கடி மூன்று என்றால், "ஒண்ணு கிழிஞ்சா ரெண்டு இருக்கும்ல" என்கிறாள்.

நான் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

விசாரணையில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உத்தரவு போனதா என்று கேட்டார்கள், போனது என்றாய். கமாண்டர் கையில் அப்போது வேறு போன் இருந்ததாகச் சொல்கிறார்களே, எஞ்சின் அறைப் போனில் பேசியது யார் என்று கேட்டார்கள். நீ தண்ணீர் கேட்டாய். குடித்துவிட்டு, "நான்" என்றாய்.

எனக்கு எழுதிய கடிதத்தில் 'போனில் அது கீழே போனது' என்று மட்டும் எழுதியிருந்தாய். யார் குரலில் போனது என்று எழுதவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷர் "போன்ல சொன்னாங்க" என்றுதான் சொன்னார். "உங்கண்ணன் சொன்னான்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் எத்தனையோ தடவை கேட்டேன், யாரு, யாரு என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியில் திருப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். தான் போன பிறகு எனக்கு அண்ணனாவது மிஞ்சட்டும் என்று நினைத்திருக்கிறார். நீயோ அந்த அண்ணனையும் எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

விசாரணையில் அதற்கு மேல் கேட்கவில்லை. சட்டத்துக்கு அதுவே போதும் போல. எனக்குப் போதாது. உன் குரலைக் கேட்டதும் அவர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார், எனக்கு அவரைத் தெரியும். அதை மட்டும் எழுது. ஒரு வார்த்தையை விழுங்கினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.


ஜூலை 11

தங்கைக்கு,

இங்கே வாரத்துக்கு ஒரு தாள்தான் தருவார்கள். முதல் தாளைக் கெடுத்துவிட்டேன். இது இரண்டாவது.

கமாண்டர் இன்னொரு போனில் மேலே பேசிக்கொண்டிருந்தார். என் கையில் எஞ்சின் அறைப் போனைத் திணித்து, "அடைக்கச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பிறகு மச்சான் குரல். என் குரல் தெரிந்துவிட்டது அவருக்கு.

"மச்சான், நீயா? ஒரே ஒரு நிமிஷம் குடுக்கச் சொல்லு. ஆறு பேரும் ஏணிகிட்ட வந்துட்டாங்க, எனக்கு அவங்க கை தெரியுது. மேல கேட்டுச் சொல்லு" என்றார்.

கமாண்டர் என்னிடமிருந்து இரண்டடி தூரத்தில் நின்றார். சட்டையைத் தொட்டு இழுத்திருக்கலாம். அவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்தால் பயம். குறுக்கே பேசினால் என்ன சொல்வாரோ என்று பயம். தீயைப் பார்த்துக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

நான் கேட்கவில்லை. கேட்டது போல ஐந்தாறு விநாடி சும்மா இருந்துவிட்டு, "கேட்டுட்டேன் மச்சான். முடியாதாம். அடைச்சிடுங்க" என்றேன்.

அவர், "நீ கேட்டியே, அது போதும்" என்றார். போனை வைக்காமல் அப்படியே தொங்கவிட்டுவிட்டார் போல. உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே கதவின் சக்கரத்தைச் சுற்றியது முழுக்க எனக்குக் கேட்டது.